அருமநாயகத்தின் மாற்று அபிப்பிராயம்

எங்கள் சபையில் ஜெபம் தமிழில் நடக்கும், சண்டை மலையாளத்தில் நடக்கும், தீர்மானம் மட்டும் ஆங்கிலத்தில் எழுதப்படும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றியதில்லை. சபையை நிறுவிய வெள்ளைக்கார மிஷனரி, லண்டனில் இருப்பவர்களுக்கும் புரியவேண்டும் என்று நடவடிக்கைப் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாராம். அவர் போய் எழுபது வருஷம் ஆயிற்று. லண்டன்காரர்களும் போய்விட்டார்கள். புத்தகம் ஆறாவது நடக்கிறது, பாஷை மாறவில்லை.

அவர் இன்னொரு விதியும் வைத்துவிட்டுப் போனார். சபை ஒரு தீர்மானம் எடுக்கும்போது யாராவது ஒருத்தருக்கு அதில் சம்மதம் இல்லை என்றால், அவர் "எனக்கு மாத்து அபிப்பிராயம் உண்டு" என்று கையைத் தூக்கலாம். கூட்டம் முடிந்தபின் செயலாளர் அவரைத் தனியே உட்காரவைத்து, அவர் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதவேண்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். அவர் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டபின் ஓர் எழுத்தை மாற்றுவதென்றாலும் அடுத்த சபைக்கூட்டத்தில், எல்லோரும் கேட்க, சரியான வார்த்தைகளைச் சொல்லித்தான் மாற்றமுடியும். தனியாக நிற்பவனுக்கும் புத்தகத்தில் ஒரு இடம் இருக்கட்டும் என்று அந்த மனுஷன் நினைத்திருக்கிறார். நல்ல நினைப்புத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு முதல் ஐம்பத்தாறு வரை நான் சபைச் செயலாளர். பெயர் ராஜதாஸ், உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். மாற்று அபிப்பிராயம் எழுதுவதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. ரெத்தினதாஸ் என்று ஒரு பெரியவர், சபைக் கோயில் சுவருக்கு மஞ்சள் அடிக்கக்கூடாது, வெள்ளைதான் அடிக்கவேண்டும் என்று முக்கால் மணி நேரம் திட்டித் தீர்த்ததை நான் நாலு வரியில் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது, "சாரே, நான் இவ்வளவு மரியாதையாவா பேசினேன்?" என்று அவரே அசந்துபோனார். அன்றைக்குச் சிரித்தேன். அவர் சொன்னதை விட்டுவிட்டு அவர் சொல்லியிருக்கவேண்டியதை நான் எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ராஜ்யங்களைப் பிரிக்கும் கமிஷனின் அறிக்கை வந்தது. விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்குப் போகும், எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா மலையாள ராஜ்யத்திலேயே கிடக்கும். அதாவது எங்கள் சபையில் பாதிப் பேரின் மாமியார் வீடு அந்தப் பக்கம், தோட்டம் இந்தப் பக்கம். எங்களையும் தமிழோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டெல்லிக்கு ஒரு மனு அனுப்ப வேண்டும் என்று சபையின் மூப்பர் வேதமாணிக்கம் சொன்னார். அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர், மனு என்றாலே அவருக்குத் தனி உற்சாகம். மனுவை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே குனிந்து வாங்கிக்கொண்டேன்.

நான் தமிழ்க் கட்சிக்காரன். அதை இப்போதும் மறைக்கப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தது. எந்த ஆபீசுக்குப் போனாலும் தமிழில் எழுதிய காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் இருந்தது, அந்தக் கோபம் நியாயமானதுதான். நியாயமான கோபம் இருக்கிறவனுக்குத் தான் செய்வதெல்லாம் நியாயம் என்று தோன்றிவிடும்.

மனுவின் முதல் பத்தியில் பொன்னுதாஸை வைத்தேன்.

பொன்னுதாஸ் அருமநாயகத்தின் மகன். நான்காம் பாரம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன், இருபது வயசு. அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டு மாதம், கிழக்கே ஒரு சந்தையில், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போன ஊர்வலத்தின்மேல் போலீஸ் சுட்டபோது செத்துப்போனான். செத்தபோது அவன் கையில் ஒரு மண்வெட்டி இருந்தது. இது எல்லோரும் கண்டது. ஊர்வலத்தின் முன்வரிசையில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான் என்று ஒருத்தர் சொல்ல, அதுவே மேடைப்பேச்சில் ஏறி, தூரத்து ஊரான வெள்ளறடை வரைக்கும் போயிற்று. நான் மனுவில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்த மண்ணை உழுத ஓர் இளைஞன், தன் உழைப்பின் கருவியைக் கையில் ஏந்தி, தாய்மொழிக்காக முன்வரிசையில் நின்று தன் உயிரைத் தந்தான்." ஆங்கிலத்தில் இதைவிட நன்றாக இருந்தது. எழுதிவிட்டு மூன்று தடவை வாசித்துப் பார்த்து, மூன்று தடவையும் கண் கலங்கினேன்.

நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின் சபைக்கூட்டம் கூடியது. மனுவை நான் தமிழில் வாசித்தேன். பொன்னுதாஸின் பெயர் வந்தபோது பெண்கள் பக்கத்தில் ஒரு அசைவு. அவன் தாய் சரோஜம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகன் செத்து மூன்று மாதம் அவள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூட யாராவது வாயில் ஊற்றவேண்டும் என்ற நிலை. போராட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்து மாலை போட்டு, உன் மகன் முன்னால் நின்றானம்மா என்று சொன்ன அன்றைக்குத்தான் எழுந்து கஞ்சி குடித்தாள். அதிலிருந்து எங்கே போனாலும் அதையே சொல்வாள். எனக்க மவன் முன்னால நின்னானாக்கும் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்வாள்.

மனு ஏகமனதாக நிறைவேறுகிறது என்று வேதமாணிக்கம் சொல்ல வாயெடுத்தபோது, ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அருமநாயகம்.

"எனக்கு மாத்து அபிப்பிராயம் உண்டு" என்றார்.  சபை திரும்பிப் பார்த்தது. அவர் வாயே திறக்காத ஆள். மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்டுப் பிழைக்கிறவர், கூட்டத்தில் இதுவரை கை தூக்கியதில்லை. வேதமாணிக்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான். செயலாளர் எழுதிக்கொள்வார் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். சரோஜம் புருஷனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, மகன் பெயரைப் பெரிதாகச் சொல்லுவது அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாளாம்.

கோயிலை ஒட்டிய சின்ன அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தோம். நான் புத்தகத்தைத் திறந்து பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டேன். எல்லை எங்கே விழுந்தால் என்ன, மரச்சீனிக்கு விலை கிடைத்தால் போதும் என்று ஏதாவது சொல்லுவார், இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு வந்தேன்.

"சாரே, எனக்க மவன் ஊர்வலத்துக்குப் போவல்ல" என்றார். "மம்மட்டி வாங்கப் போனான். கொல்லன்கிட்ட அடிச்சுக் கூராக்கக் குடுத்திருந்தது. வாழைக்கு மண் அணைக்கணும், மழை வந்துரும்னு நான்தான் போவச் சொன்னேன். இன்னைக்குச் சந்தையில பகளமாக்கும் அப்பா, கூட்டமும் போலீசுமாட்டுக் கிடக்கும், நாளைக்குப் போறேன்னு சொன்னான். சோம்பேறிப் பயலேன்னு ஏசினேன். ஏச்சு கேட்டுட்டுத்தான் போனான். அவன் உயிரைக் குடுக்கல்ல சாரே. நான் அனுப்பினேன், போலீசுக்காரனுவ எடுத்துட்டானுவ. கையில மம்மட்டியோட ஓடுதவனைக் கண்டா அவனுவ என்ன நினைச்சிருப்பானுவளோ. எனக்குத் தமிழும் வேணும், மலையாளமும் வேணும், நாடு எங்க சேந்தாலும் சரி. அவனுக்க பேரை அதில சேக்காண்டாம். இதாக்கும் எனக்க அபிப்பிராயம்."

இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் சொன்னார். பலநாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மாதிரி இருந்தது. மகன் செத்த அந்த வாரம் சரோஜம் வெள்ளறடையில் தங்கை வீட்டில் இருந்தாளாம். காலையில் நடந்த அந்தப் பேச்சு அவருக்கும் மகனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"வீட்டுல சொன்னியளா?" என்று கேட்டேன்.

"அவளுக்கிட்ட சொல்ல எனக்குப் பெலம் இல்ல. இங்கிலீஷில எழுதினா அவ வாசிக்கமாட்டா. ஆனா எழுதி இருக்கும் இல்லியா? ஒரு இடத்திலயாவது உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

இதற்குப் பிறகு ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? அவர் சொன்னதை நான் எழுதவேண்டியதுதான். கஷ்டமான ஆங்கிலம்கூட இல்லை. என் மகன் போராட்டத்துக்குப் போகவில்லை, நான் ஒரு வேலையாக அனுப்பினேன், அவன் பெயரை இந்த மனுவில் சேர்க்க எனக்குச் சம்மதம் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள்கூட எழுதிவிடுவார்கள்.

"திரு. அருமநாயகம், இறந்தவரின் தந்தை" என்று எழுதி நிறுத்தினேன். மாற்று அபிப்பிராயம் உட்பட அந்தத் தீர்மானத்தின் நகல் மனுவோடு டெல்லிக்குப் போகும். அதுவும் அந்த மிஷனரித் துரை வைத்த விதி. முதல் பத்தியில் தாய்மொழிக்கு உயிர் தந்தவன், பின்னிணைப்பில் மண்வெட்டி வாங்கப் போனவன். டெல்லியில் எவனாவது ஒரு குமாஸ்தா அதைப் படித்துச் சிரிப்பான். ஒரு தாலுகாவின் தலையெழுத்து இந்த ஒரு பக்கத்தில் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு, அந்த முதல் பத்தி நான் எழுதியது என்பதும் ஒரு காரணம். இதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதியது இது: "இறந்தவரின் தந்தை, ஒரு தகப்பனுக்கே உரிய துயரத்தாலும் அடக்கத்தாலும், தம் மகனின் பெயரைப் புகழ்ந்து பேசவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறார். எனினும் மனுவின் கோரிக்கையோடு தம்மை முழுமனதுடன் இணைத்துக்கொள்கிறார்." அழகான இரண்டு வாக்கியங்கள். அவர் சொன்னதற்கு நேர் எதிராக அவரையே பேசவைத்திருந்தேன்.

பிறகு விதிப்படி வாசித்துக் காட்டினேன். கண் ஆங்கில வரியின்மேல் ஓடியது, விரல்கூட வரிக்குக் கீழே நகர்ந்தது. வாய் மட்டும் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. மண்வெட்டி, கொல்லன், வாழை, ஏச்சு எல்லாம் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"எல்லாம் வந்துட்டு" என்று சொல்லி, எழுத்துக்கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது என் கையைப் பிடித்து, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் என்றார். நானும் தலையாட்டினேன்.

மனு டெல்லிக்குப் போயிற்று. தீர்மானமும் மாற்று அபிப்பிராயமும் சேர்ந்த ஒரு நகல் கோயில் முன்மண்டபத்துப் பலகையில் ஒட்டப்பட்டது. ஜனவரி முதல் வாரம் பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்பட்டது, அவ்வளவுதான். இதற்குத்தான் அந்தப் பாடுபட்டேன். பதிலை வேதமாணிக்கம் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று யோசித்தார்.

கிறிஸ்துமஸுக்கு அருமநாயகத்தின் மகள் ஜெபகுமாரி ஊருக்கு வந்திருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், ஆங்கிலம் வாசிப்பாள். அவளை நான் மறந்தே போயிருந்தேன். அருமநாயகமும் அந்தப் பலகையைப் பற்றி யோசித்திருக்கமாட்டார், அவருக்கு அது வெறும் காகிதம். அவள் தினமும் அந்த மண்டபத்து வழியாகத்தான் ஜெபக்கூட்டத்துக்கு வந்தாள். ஒருநாள் நின்று முழுக்க வாசித்திருக்கிறாள்.

பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அருமநாயகம் வந்தார். வராந்தாவில் ஏறாமல் கீழேயே நின்றார். வேட்டியில் சேறு காய்ந்திருந்தது, வயலிலிருந்து நேரே வந்திருக்கிறார்.

மகள் வாசித்துச் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். அப்பா, நல்லதாட்டுச் சொல்லியிருக்கிய, நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கோம்னு சொல்லியிருக்கிய என்று அவள் சந்தோஷப்பட்டாளாம். இவர் வேறு யாரோ சொன்னதாக இருக்கும் என்று முதலில் நினைத்தாராம். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அடியில் அவர் பெயர் எழுதியிருக்கிற இடம் வரைக்கும் காட்டினாளாம்.

"நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டினியளே சாரே" என்றார். அதில் கோபம் இல்லை. அந்த வாசிப்புக்கும் இந்த எழுத்துக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

கையும் களவுமாக அகப்பட்டவனுக்கு முதலில் வருவது வெட்கம் என்று சொல்வார்கள். எனக்கு வந்தது எரிச்சல். நாடு, மொழி, பிள்ளைகளின் படிப்பு என்று ஏதேதோ சொன்னேன். சட்டைப்பைக்குள் டெல்லியின் ஒரு வரிப் பதில் இருந்தது, அதை வைத்துக்கொண்டே டெல்லி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அதெல்லாம் சரியாக்கும்" என்றார். "நான் ராத்திரி கண்ணை மூடினா அவன் முற்றத்தில நிக்குதான். எழுதியாச்சு மக்கா, உள்ளதைச் சொல்லி எழுதியாச்சுன்னு சொல்லி ரெண்டு மாசம் உறங்கினேன். இப்ப அவனுக்கிட்ட என்ன சொல்ல?"

என் எரிச்சல் அங்கேயே அடங்கிவிட்டது. மாற்றி எழுதிவிடுகிறேன் என்றேன். எப்போது என்றார். பிப்ரவரிக் கூட்டத்தில் என்றேன். எப்படி மாற்றுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புத்தகத்தில் ஒரு கோடு கிழித்து வேறு வரி எழுதினால் முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். விதி தெரிந்தவன் நான்தான். சரியான வார்த்தைகளை எல்லோரும் கேட்கச் சொன்னால்தான் மாற்றம் செல்லும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கூட்டத்தில் நான் பிசகு செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிச் சமாளித்துவிடலாம், மீதியைப் போதகர் பார்த்துக்கொள்வார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இடையில் எனக்கு இன்னொரு சுகமும் வந்துவிட்டது. பாவத்தை அறிக்கையிடப் போகிற சுகம். சபை நடுவில் எழுந்து நின்று என்ன சொல்லவேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தேன். செயலாளர் பதவி போகும், போகட்டும். பள்ளிக்கூடத்திலும் பேச்சு வரும், வரட்டும். ராஜதாஸ் யோக்கியன், தப்பை ஒத்துக்கொண்டான் என்று நாலு பேராவது சொல்வார்கள் அல்லவா? அந்த மூன்று வாரமும் நான் நினைத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். சரோஜத்தை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

பிப்ரவரிக் கூட்டம் நிறைய ஆட்களோடு கூடியது. எல்லை விஷயத்தில் இனி ஒன்றும் நடக்காது என்று தெரிந்துபோயிருந்ததால் எல்லோர் முகமும் வாடியிருந்தது. சென்ற கூட்டத்து நடவடிக்கையை உறுதி செய்ய என்னை வாசிக்கச் சொன்னார்கள். நான் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

அருமநாயகத்தின் மாற்று அபிப்பிராயத்தை நான் எழுதினேன், ஆனால் அவர் சொன்னபடி எழுதவில்லை, அதற்கு நேர்மாறாக எழுதினேன், அவருக்கு வாசித்துக் காட்டும்போது பொய்யாக வாசித்தேன் என்று சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது. பலதடவை சொல்லிப் பார்த்தது அல்லவா?

 போதகர் தலையைக் குனிந்துகொண்டார். வேதமாணிக்கம்தான் முதலில் பேசினார். அவர் கோர்ட்டில் பழகியவர், நிதானமாகக் கேட்டார்.

"அப்படின்னா அவரு சொன்னது என்ன? அதைச் சொல்லும். சபை கேக்கட்டும், மாத்தி எழுதலாம்."

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் பெண்கள் பக்கம் பார்த்தேன். சரோஜம் முதல் வரிசையில் இருந்தாள். வெள்ளைச் சேலையின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னவென்று தெரியவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, ஆண்கள் பக்கத்தில் புருஷனைத் தேடினாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் அவள் செத்துப்போவாள், சொல்லாவிட்டால் புத்தகத்தில் அந்தப் பொய் அப்படியே கிடக்கும். இரண்டையும் கொண்டுவந்து அங்கே வைத்தது நான். சொல்லும், சொல்லும் என்று வேதமாணிக்கம் மேசையைத் தட்டினார்.

கடைசி வரிசையில் அருமநாயகம் எழுந்தார்.

"சாரு எழுதினது சரியாக்கும்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதுதான் நான் சொன்னது. சாருக்கு என்னவோ மறதி. எனக்க மவன் தமிழுக்காட்டுத்தான் போனான். முன்னால நின்னான். மம்மட்டியைத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னான். அவனுக்க பேரை எழுதினதில எனக்குச் சந்தோஷம்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, வேதமாணிக்கத்தையும் பார்க்கவில்லை. சரோஜத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் தலையாட்டினாள்.

வேதமாணிக்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராஜதாஸுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சநாளாகவே அப்படித்தான் என்று யாரோ சொன்னது கேட்டது. எனக்கு அது தப்பித்துக்கொள்ள ஒரு வழி, நானும் பேசாமல் இருந்து அதை எடுத்துக்கொண்டேன். இதையும் புத்தகத்தில் பதிய வேண்டும், சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போடவேண்டும் என்று வேதமாணிக்கம் உத்தரவு போட்டார்.

உட்கார்ந்து எழுதினேன். அருமநாயகம் பலிபீடத்துக்குக் கீழே மேசையருகில் வந்து நின்றார். அவரிடமிருந்து வியர்வையும் மண்ணும் கலந்த மணம் வந்தது. சென்ற கூட்டத்தின் பதிவு சரியானது என்று இறந்தவரின் தந்தை உறுதி செய்கிறார், தம் மகன் தமிழுக்காகவே சென்றான், முன்வரிசையில் நின்றான், அவன் பெயரைச் சேர்த்ததில் தமக்கு மகிழ்ச்சி. அவர் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதினேன். என் கை அவ்வளவு ஒழுங்காக அதற்குமுன் எழுதியதில்லை.

எழுதி முடித்து, வாசித்துக் காட்டுவதற்காகப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து பேனாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வாசிக்காண்டாம் சாரே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, சரோஜத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.